பாலில் அஃப்ளாடாக்சின்: ஒளி அலைநடத்திச் சிப் உண்மையில் எதை அளக்கிறது?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019 அக்டோபரில் தேசியப் பால் ஆய்வின் முடிவை வெளியிட்டது. நாடெங்கும் எடுத்த 6,432 மாதிரிகளில் 368-ல் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நஞ்சு வரம்பைத் தாண்டியிருந்தது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 551-க்கு 88, எண்ணிக்கையில் மாநிலங்களிலேயே அதிகம். தண்ணீர் கலந்தால் லாக்டோமீட்டர் காட்டிக்கொடுக்கும். இது யாரும் கலப்பது அல்ல. புண்ணாக்கிலும் தீவனத்திலும் இருக்கும் பூஞ்சை நஞ்சான பி1, மாட்டின் ஈரலில் ஓர் ஆக்சிஜன் அணுவை ஏற்றுக்கொண்டு எம்1 ஆக மாறி மடிக்கு வருகிறது. தின்ற பி1-ல் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை பாலில் சேர்வது சாதாரணம். காய்ச்சினாலும் போகாது.

குடியாத்தம், அணைக்கட்டு, ஆற்காடு பக்கத்தில் மானாவாரி மணிலாவும் (நிலக்கடலை) கறவை மாடும் ஒரே வீட்டில் இருப்பதால், இந்தச் சங்கிலியின் இரண்டு முனைகளும் வட ஆற்காட்டுக்காரருக்குப் பழக்கமானவை. "சில நிமிடத்தில் நஞ்சைக் கண்டுபிடிக்கும் ஒளிச் சிப்" என்று அவ்வப்போது வரும் செய்தியைப் படித்ததும் ஒரு சந்தேகம் எழும்: இவ்வளவு சின்ன மூலக்கூறு ஒளிக்கு எப்படித் தட்டுப்படும்? பெரும்பாலும் தட்டுப்படாது. அந்தச் சிப் பார்ப்பது நஞ்சை அல்ல, நஞ்சைத் தேடிப் போய்க் கை காலியாகத் திரும்பும் ஆன்டிபாடியை, அதாவது ஒரு குறிப்பிட்ட மூலக்கூறைத் தேடிப் பிடிக்கும் நோயெதிர்ப்புப் புரதத்தை. இதைப் பிடித்துக்கொண்டால், இந்தத் தொழில்நுட்பத்தின் பலமும் அதில் வரும் தகராறுகளும் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கும்.

எவ்வளவு சிறியது, எவ்வளவு குறைவு

மூலக்கூறின் எடையை டால்டனில் சொல்வார்கள். ஹைட்ரஜன் அணு ஏறத்தாழ 1 டால்டன். அஃப்ளாடாக்சின் பி1 312, எம்1 328. ஆன்டிபாடி 1,50,000. உணரித் துறையில் 1,000 டால்டனுக்குக் கீழே உள்ளவற்றை பொதுவாகச் சிறு மூலக்கூறு என்பார்கள். பூச்சிமருந்து எச்சம், ஆன்டிபயாடிக், ஹார்மோன், பூஞ்சை நஞ்சு எல்லாம் இந்த வகை.

அளவோ இன்னும் குறைவு. இந்தியாவில் பாலுக்கான எம்1 வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.05. மேற்கொண்டு பதப்படுத்தப் போகும் நிலக்கடலைக்கு நம் வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். இந்த எண்களை மூலக்கூறு எண்ணிக்கைக் கணக்குக்கு மாற்றிக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஆன்டிபாடிக்கு எடை தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும். பாலில் 0.5 மைக்ரோகிராம் என்பது லிட்டருக்கு 1.5 நானோமோல். ஐரோப்பிய வரம்பு 0.15 நானோமோல். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த இரண்டு எண்களைச் சுற்றியே.

கண்ணாடிக்குள் ஒளி, வெளியே அதன் வால்

அடர்த்தி மிகுந்த ஊடகத்திலிருந்து குறைந்த ஊடகத்துக்கு ஒளி சாய்வாக வந்தால், ஒரு கோணத்துக்கு மேல் அது வெளியேறாமல் முழுவதும் திரும்பிவிடும். பத்தாம் வகுப்பில் படித்த முழு அக எதிரொளிப்புதான். மெல்லிய படலம் ஒன்றுக்குள் ஒளியை இப்படியே மேலும் கீழும் திருப்பி ஓட்டினால் அது அலைநடத்தி. உணரிச் சிப்பில் இந்தப் படலம் பெரும்பாலும் சிலிக்கான் நைட்ரைடு அல்லது டான்டலம் பென்டாக்சைடு. ஒளிவிலகல் எண் இரண்டைத் தொட்டு நிற்கும். அடியில் கண்ணாடி 1.5-க்குச் சற்று குறைவு, மேலே நீர் 1.33. படலத்தின் தடிமன் 150 முதல் 200 நானோமீட்டர், அதாவது ஒளியின் அலைநீளத்தைவிடக் குறைவு.

திரும்பும் இடத்தில் ஒளி சுவரில் முட்டியது போல நின்றுவிடுவதில்லை. அதன் மின்புலத்தின் ஒரு பகுதி மேலே உள்ள திரவத்துக்குள் நுழைந்து, சுமார் 100 நானோமீட்டருக்குள் தேய்ந்து மறைகிறது. இதற்கு எவனெசென்ட் புலம் என்று பெயர். அந்த 100 நானோமீட்டருக்குள் நீரின் இடத்தில் புரதம் வந்து உட்கார்ந்தால், அங்கே ஒளிவிலகல் எண் 1.33-லிருந்து 1.45 பக்கம் ஏறும். உள்ளே ஓடும் ஒளியின் வேகம் மிக நுண்ணிய அளவு குறையும். உணரி அளப்பது இந்த வேக மாற்றம் ஒன்றைத்தான்.

இதில் ஒரு பெரிய வசதி உண்டு. பாலில் மிதக்கும் கொழுப்புத் துளிகளில் பெரும்பாலானவை மேற்பரப்பிலிருந்து தள்ளி இருப்பதால் ஒளிக்குத் தெரிவதில்லை. கலங்கலான திரவத்தில் நிறம் பார்த்து அளக்கும் முறைகளுக்கு இந்த வசதி கிடையாது.

மாற்றத்தைப் படிக்கும் வழிகள்

முதல் வழி கீற்றணி. 1980-களில் சூரிச்சில் டீஃபென்தாலரும் லுக்கோசும் தொடங்கிவைத்தது. படலத்தில் நுண்ணிய கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கும். லேசர் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் மட்டுமே உள்ளே நுழையும். மேற்பரப்பில் ஏதாவது ஒட்டினால் அந்தக் கோணம் நகரும். கருவி எளியது, சீரமைப்பும் எளிது. ஆனால் உணர்திறன் நடுத்தரம்.

இரண்டாவது வழி குறுக்கீட்டுமானி. ஒளியை இரண்டு கிளையாகப் பிரித்து, ஒன்றை மாதிரிக்கு அடியிலும் மற்றதை மூடிய பாதையிலும் ஓட்டிப் பிறகு சேர்ப்பது. கிளை 10 மில்லிமீட்டர் நீளம், லேசர் 633 நானோமீட்டர் என்று வையுங்கள். பயனுறு ஒளிவிலகல் எண் (ஓடும் ஒளி மொத்தத்தில் உணரும் எண்) பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறினால் குறுக்கீட்டுப் பட்டை ஏறத்தாழ 63-ல் ஒரு பங்கு நகரும். இது அளக்கக்கூடியது, வசதியாகவே அளக்கலாம். ஆனால் வெளியே வருவது கொசைன் வளைவு. வளைவின் உச்சியிலும் அடியிலும் உணர்திறன் கிட்டத்தட்டப் பூஜ்யம், ஏறுகிறதா இறங்குகிறதா என்பதும் தெரியாது. மூன்று வெளியீடு வைத்தோ ஒளியலையின் கட்டத்தை (phase) வேண்டுமென்றே ஆட்டியோ இதைச் சரிசெய்கிறார்கள். செய்யாத கருவியின் எண்ணை நம்ப வேண்டாம்.

மூன்றாவது வழி வளைய ஒத்ததிர்வி. வட்டமான அலைநடத்தியில் ஒளி சுற்றிச் சுற்றி வரும். ஒத்ததிரும் அலைநீளம் எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பது. ஒரே சிப்பில் பல வளையங்களை அடுக்கலாம், ஆகவே பல நஞ்சுகளை ஒரே ஓட்டத்தில் பார்க்க இதுவே ஏற்றது. சிலிக்கானில் செய்தால் வெப்பநிலைக்குப் பயங்கரமாக ஆடும். அது கீழே வருகிறது.

ஆன்டிபாடியில் ஒளிரும் சாயம் ஏற்றி, எவனெசென்ட் புலத்தால் அதைத் தூண்டி ஒளிர்வை அளப்பது இன்னொரு குடும்பம். ஐரோப்பாவில் ஆற்றுநீரில் பூச்சிமருந்து பார்க்க உருவாக்கிய ரியானா, அவாக்ஸ் ஆகிய கருவிகள் இந்த வகை. சாயம் கூடுதல் வேலைதான். ஆனால் மேற்பரப்பில் சும்மா ஒட்டும் குப்பை ஒளிராது என்பதால், அழுக்கு மாதிரிகளுக்கு இதுவே நம்பகமானது.

நேரடியாக அளந்தால் ஏன் தெரிவதில்லை

சிப்பின் மேல் ஆன்டிபாடியை ஒட்டி, பாலை ஓட்டி, எம்1 வந்து பிடிபடட்டும் என்று காத்திருக்கலாமே என்று முதலில் தோன்றும். கணக்குப் போடுவோம்.

1. மேற்பரப்பு நிறைய ஆன்டிபாடி ஒட்டினால் சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 2,000 பிகோகிராம்.
2. ஓர் ஆன்டிபாடிக்கு இரண்டு கை, அதாவது நஞ்சைப் பிடிக்கும் இரண்டு இடம். இரண்டிலும் நஞ்சு உட்கார்ந்தால் கூடும் எடை 656 டால்டன், 1,50,000-ல் 0.44 விழுக்காடு.
3. எல்லாக் கைகளும் வேலை செய்தால் ஏறத்தாழ 9 பிகோகிராம். ஒட்டும்போது தலைகீழாகவும் சாய்ந்தும் விழுந்தவை போக மூன்றில் ஒன்றுதான் உருப்படி என்றால் 3-க்குக் கீழே.
4. நல்ல கருவியின் இரைச்சலே 0.1 முதல் 1 பிகோகிராம் வரை.

ஐம்பது கிலோ மூட்டை நிற்கும் தராசில் நூறு கிராம் கூடியதா என்று பார்ப்பது போன்ற வேலை இது. மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில், சுத்தமான பஃபரில் (பிஎச் மாறாத உப்புக் கரைசல்), சீரான வெப்பநிலையில் இதைச் செய்கிறார்கள். பாலில் நடக்காது. பாலில் உள்ள கேசீனும் மோர்ப்புரதமும் சும்மா வந்து ஒட்டினாலே நூற்றுக்கணக்கான பிகோகிராம் ஏறிவிடும்.

தலைகீழ் அளவு

எனவே ஆட்டத்தைத் திருப்பிப் போடுகிறார்கள். சிப்பின் மேல் ஆன்டிபாடிக்குப் பதிலாக நஞ்சையே, ஒரு புரதத்தோடு பிணைத்து, ஒட்டிவைக்கிறார்கள். வேலை இப்படி நடக்கும்:

1. 900 மைக்ரோலிட்டர் மாதிரியோடு 100 மைக்ரோலிட்டர் ஆன்டிபாடிக் கரைசலைக் கலந்து 10–15 நிமிடம் விடுங்கள். மாதிரியில் நஞ்சு இருந்தால் ஆன்டிபாடியின் கைகள் நிரம்பும்.
2. கலவையைச் சிப்பின் மேல் நிமிடத்துக்கு 20 முதல் 50 மைக்ரோலிட்டர் வேகத்தில் 5 நிமிடம் ஓட்டுங்கள். கை காலியாக உள்ள ஆன்டிபாடி மட்டும் மேற்பரப்பு நஞ்சைப் பிடித்து ஒட்டும்.
3. ஒட்டும் வேகத்தை, அதாவது வளைவின் சரிவை, முதல் நிமிடம் கழிந்ததிலிருந்து நான்காவது நிமிடம் வரை எடுத்து, தெரிந்த அளவு நஞ்சுகளை வைத்து முன்கூட்டியே வரைந்த அளவுக்கோட்டோடு ஒப்பிடுங்கள்.
4. 10 மில்லிமோலார் கிளைசின் அமிலக் கரைசலை, பிஎச் 2-ல், ஒரு நிமிடம் ஓட்டி ஒட்டியதைப் பிரித்துக் கழுவுங்கள். சிப் அடுத்த மாதிரிக்குத் தயார்.

நஞ்சு அதிகமானால் சமிக்ஞை குறையும். சுத்தமான பால்தான் உச்ச அளவு காட்டும். ஒட்டுவது 1,50,000 டால்டன் ஆன்டிபாடி என்பதால் ஒளிக்குக் குறையில்லை. லிட்டருக்கு 75 மைக்ரோகிராம் ஆன்டிபாடி இருந்தாலே ஐந்து நிமிடத்தில் சில பத்து பிகோகிராம் ஏறும்.

வளைவைத் திரையில் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். கலவை நுழைந்ததும் கோடு செங்குத்தாகக் குதிக்கும். அது பிணைப்பு அல்ல, பாலின் ஒளிவிலகல் எண் பஃபரைவிட அதிகம் என்பதால் வரும் குதிப்பு. அதன்பிறகு மெல்ல ஏறும் சரிவுதான் சரக்கு. பஃபர் திரும்பியதும் கோடு மறுபடி இறங்கி, குதித்த அளவு கழிந்து, ஒட்டியது மட்டும் நிற்கும். குதிப்பையும் சேர்த்து அளவாகக் கொடுக்கும் அறிக்கைகளைப் பார்க்க முடிகிறது. சரிவை எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

இந்த முறைக்கு வேண்டிய ஆன்டிபாடி கிடைப்பதே தனிக் கலை. சிறு மூலக்கூறைத் தனியாக விலங்குக்கு ஊசி போட்டால் உடல் அதைக் கண்டுகொள்ளாது. பெரிய புரதத்தோடு பிணைத்தால்தான் ஆன்டிபாடி உண்டாகும். இப்படிச் சுமந்து போக வேண்டிய சிறு மூலக்கூறுக்கு ஹாப்டென் என்று பெயர் வைத்தவர் லான்ட்ஸ்டைனர். ரத்த வகைகளைக் கண்டுபிடித்து 1930-ல் நோபல் பெற்றவர். ஊசி போடும்போது ஒரு புரதமும், சிப்பில் ஒட்டும்போது வேறு புரதமும் சுமப்பானாக இருக்க வேண்டும். இரண்டிலும் ஒன்றையே வைத்தால், நஞ்சை விட்டுவிட்டுச் சுமப்பானைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளும் சேர்ந்து ஒட்டும். அவற்றை எந்த நஞ்சாலும் தடுக்க முடியாது, ஆகவே சமிக்ஞை ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கவே இறங்காது.

ஆன்டிபாடி எவ்வளவு போடுவது? எல்லாம் இதில்தான்

செய்திகளில் வராத, ஆனால் கருவியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிற எண் இது.

மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் ஆன்டிபாடி போட்டால் அது 6.7 நானோமோலார் (லிட்டருக்கு நானோமோல்), கைகள் 13.3 நானோமோலார். நம் சட்ட வரம்பில் உள்ள பாலில் எம்1 1.5 நானோமோலார். அத்தனையும் பிடிபட்டாலும் கைகளில் 11 விழுக்காடுதான் நிரம்பும். ஒரு கை நிரம்பிய ஆன்டிபாடி மறு கையால் சிப்பைப் பிடித்துக்கொள்ளும் என்பதையும் சேருங்கள். இரண்டு கையும் நிரம்பினால்தான் அது ஆட்டத்திலிருந்து விலகும். அதற்கான வாய்ப்பு 0.11-ன் வர்க்கம், அதாவது 1.2 விழுக்காடு. வரம்பைத் தொட்ட பாலும் சுத்தமான பாலும் திரையில் ஒன்றாகவே தெரியும்.

ஆன்டிபாடியை 75 நானோகிராமுக்குக் குறைத்தால் கைகள் 1 நானோமோலார். பிணைப்பு வலு 0.1 நானோமோலார் (இந்த எண் குறையக் குறையப் பிடி இறுகும்) உள்ள நல்ல ஆன்டிபாடி என்றால், அதே பாலில் 86 விழுக்காடு கைகள் நிரம்பி, சமிக்ஞை 75 விழுக்காடு விழும். இப்போது ஐயத்துக்கு இடமில்லை.

அதே ஏற்பாட்டில் ஐரோப்பிய வரம்பைப் பாருங்கள். 0.15 நானோமோலார் எம்1 நிரப்புவது 13 விழுக்காடு கைகளை. சமிக்ஞை விழுவது 1.8 விழுக்காடு. பத்து மடங்கு குறைந்த நஞ்சுக்கு நாற்பது மடங்கு குறைந்த விளைவு. இங்கே இரண்டு வழி உண்டு. ஆன்டிபாடியை இன்னும் குறைக்கலாம். அப்போது ஒட்டும் வேகமும் குறைந்து இரைச்சலுக்குள் போகும். அல்லது ஆன்டிபாடியை நொதியால் வெட்டி, ஃபேப் எனப்படும் ஒற்றைக் கைத் துண்டுகளைப் பயன்படுத்தலாம். ஒற்றைக் கை என்றால் 13 விழுக்காடு நிரம்பினால் 13 விழுக்காடே விழும். எடை மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும் இந்த வியாபாரம் லாபமே.

குறைந்த ஆன்டிபாடியின் மெல்லிய சரிவைத் துல்லியமாகப் படிக்க முடிவதுதான் அலைநடத்தியின் உண்மையான பயன். ஆன்டிபாடியோடு நொதியை வைத்து நிறம் பார்க்கும் சாதாரண எலைசா தட்டு நிறம் வருவதற்காக ஆன்டிபாடியையும் நேரத்தையும் கூட்டிக் கேட்கும், அலைநடத்தி கேட்பதில்லை. "இத்தனை பிகோகிராம் வரை உணரும்" என்ற விளம்பர எண்ணை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும்: அது ஒளியின் திறமை. மாதிரியில் எவ்வளவு நஞ்சு வரை தெரியும் என்பது ஆன்டிபாடியின் பிணைப்பு வலுவைப் பொறுத்தது. மோசமான ஆன்டிபாடியோடு எவ்வளவு விலை உயர்ந்த சிப் வாங்கினாலும் பயனில்லை.

சிப்பின் மேற்பரப்பு

முதலில் சுத்தம். சோப்புக் கரைசலில் மீயொலிக் குளியல், நீர், ஐசோபுரோப்பனால், பிறகு சில நிமிடம் ஆக்சிஜன் பிளாஸ்மா. அடுத்து உலர் டொலுவீனில் 2 விழுக்காடு அமினோசிலேன் ஒரு மணி நேரம். கழுவி 110 டிகிரியில் அரை மணி சூடு. டொலுவீனில் ஈரம் இருந்தால் சிலேன் தனக்குள்ளேயே பிணைந்து கட்டி கட்டியாக விழும். ஐப்பசி கார்த்திகை மழையில் திறந்த மேசையில் செய்த சிப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பிறகு 2.5 விழுக்காடு குளூட்டரால்டிஹைடு, அதன் மேல் நஞ்சு பிணைத்த புரதம் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் அளவில். கடைசியில் மீதியுள்ள வேதிக்கைகளை 1 மோலார் எத்தனாலமைனால் மூடிவிட வேண்டும். பக்கத்துத் தடத்தில் நஞ்சில்லாத அதே புரதம் மட்டும். அந்த ஒப்பீட்டுத் தடம் இல்லாத சிப்பில் கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை.

தலைகீழ் முறையின் இன்னொரு லாபம் இங்கே உண்டு. சிப்பில் இருப்பது ஆன்டிபாடி அல்ல, நஞ்சு. அமிலத்தால் திரும்பத் திரும்பக் கழுவினாலும் அது ஆன்டிபாடியைவிட நன்றாகத் தாங்கும். இருந்தாலும் சரிவு மெல்ல மெல்லக் குறையும், ஆகவே சில ஓட்டங்களுக்கு ஒருமுறை நஞ்சில்லாத பாலை ஓட்டி உச்ச அளவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பஃபரை ஓட்டிப் புதுப்பிப்பது போதாது.

எங்கே கெடும், ஏன்

வெப்பநிலை முதல் எதிரி. ஒரு டிகிரி ஏறினால் நீரின் ஒளிவிலகல் எண் பத்தாயிரத்தில் ஒரு பங்கு குறையும். நாம் பார்க்க நினைப்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆக நூறில் ஒரு டிகிரி ஆடினாலே அது நாம் தேடும் மாற்றத்துக்குச் சமமாகிவிடும். சிலிக்கான் வளையமானால் ஒரு டிகிரிக்கு ஒத்ததிர்வு 70–80 பிகோமீட்டர் நகரும். சிலிக்கான் நைட்ரைடு இதில் எவ்வளவோ மேல். வேலூர் கோடையில் ஏசி ஓடும் அறையில் கம்பிரசர் நின்று நின்று ஓடுவது அடிக்கோட்டில் அலை அலையாகப் பதிவாகும். சிப்புக்கு அடியில் மின்சாரத்தால் சூடும் குளிரும் தரும் பெல்டியர் தகடும், பக்கத்திலேயே ஒப்பீட்டுத் தடமும் இருந்தால்தான் இது அடங்கும். கரண்ட் போய் வந்தால் சமநிலைக்கு வரும்வரை எதையும் அளக்காதீர்கள்.

காற்றுக் குமிழி அடுத்தது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பஃபரை அப்படியே 32 டிகிரி அறையில் ஓட்டினால், கரைந்திருந்த காற்று பாய்வுக்கலத்துக்குள் குமிழியாக வெளிவரும். கோடு திடீரென அதலபாதாளத்துக்குப் போய்த் திரும்பும், சில சமயம் திரும்பாது. பஃபரை அறை வெப்பத்துக்கு வரவிட்டு, வெற்றிடத்தில் காற்றை இழுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பாலைக் குளிர்ந்த மையவிலக்கியில் 10 நிமிடம் சுழற்றி, மேலே கட்டும் கொழுப்பை நீக்கி அடிப்பகுதியை எடுப்பது கட்டாயம். கொழுப்புப் படலம் ஒருமுறை சிப்பில் படிந்தால் அமிலக் கழுவலுக்கு அசையாது. எம்1-ல் ஒரு பகுதி கேசீனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் அளவுக்கோட்டையும் பாலிலேயே போட வேண்டும். பஃபரில் போட்ட அளவுக்கோட்டில் பாலைப் படித்தால் எண் பிசகும்.

கரைப்பான் தொல்லை கடலையில் வரும். மெத்தனாலின் ஒளிவிலகல் எண் நீரைவிடக் குறைவு. ஆனால் இரண்டையும் கலந்தால் இரண்டையும்விட அதிகமாகி, பாதிக்குப் பாதியில் 1.343 வரை போகும். கணித்துக் கழிக்கலாம் என்று இறங்கினால் ஏமாற்றும். மெத்தனாலை 5 விழுக்காட்டுக்குக் கீழே நீர்த்து, அதே அளவு மெத்தனாலைப் பஃபரிலும் சேர்ப்பதே வழி.

மூட்டையிலிருந்து சிப்புக்கு

கடலைக்கு வழக்கமான பிரிப்பு: 25 கிராம் அரைத்த பருப்பு, 5 கிராம் உப்பு, 70-க்கு 30 மெத்தனால்–நீர் 125 மில்லிலிட்டர், மிக்சியில் அடித்து வடிகட்டுவது. வரம்பான 15 மைக்ரோகிராமில் உள்ள கடலை என்றால் வடிநீரில் மில்லிலிட்டருக்கு 3 நானோகிராம் இருக்கும். மெத்தனால் தொல்லைக்காக 15 மடங்கு நீர்த்தால் 0.2 நானோகிராம், அதாவது 0.64 நானோமோலார். மேலே பார்த்த ஆன்டிபாடிக் கணக்குக்குள் இது அடங்கும். பருப்பில் பாதிக்குப் பக்கம் எண்ணெய் என்பதால் கண்ணாடியிழை வடிதாளில் இன்னொரு முறை வடிகட்டுவது சிப்பின் ஆயுளைக் காக்கும். நீர்க்கரைசலில் உள்ள அஃப்ளாடாக்சின் கண்ணாடிச் சுவரிலும் ஒட்டும், வெளிச்சத்திலும் சிதையும்; அமிலத்தில் கழுவிய பழுப்புக் குப்பி வேண்டும். பொடி நஞ்சைக் கையாளாமல் கரைசலாகவே வாங்குவது உயிருக்கு நல்லது, இது உறுதிசெய்யப்பட்ட புற்றுநோய்க் காரணி.

இவ்வளவு துல்லியமும் ஓரிடத்தில் பொசுக்கென்று போய்விடும்: மூட்டையிலிருந்து கைப்பிடி அள்ளும் இடத்தில். பூஞ்சை எல்லாப் பருப்பிலும் சமமாக வளர்வதில்லை. ஒரே பருப்பில் கிலோவுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராம் என்ற அளவு வரை அளந்திருக்கிறார்கள். அரை கிராம் எடையுள்ள அப்படி ஒரு பருப்பில் 500 மைக்ரோகிராம் நஞ்சு. அந்த ஒன்று 50 கிலோ மூட்டையில் இருந்தால் மூட்டையின் சராசரி கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் ஏறிவிடும். அந்தப் பருப்பு நம் கைப்பிடியில் வந்தால் மூட்டை பயங்கரம், வராவிட்டால் சுத்தம். ஆகவே பல இடத்தில் குத்தி எடுத்து, கிலோக்கணக்கில் சேர்த்து, மொத்தத்தையும் அரைத்துக் கலந்து, அதிலிருந்து 25 கிராம் எடுக்க வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஒரு சிப் கருவி வைப்பதற்கு முன்னால் ஒரு நல்ல அரவை இயந்திரம் வைப்பது என் பார்வையில் அதிகப் பலன் தரும். பருப்பின் ஈரம் 7–8 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் காயவைத்து அடுக்குவது அதைவிடவும்.

பால் இந்த வகையில் நல்ல சரக்கு. திரவம், தானே கலந்துவிடுகிறது. ஆகவே அலைநடத்தி உணரிக்குப் பாலே பொருத்தமான இடம்.

எங்கே வைக்கலாம், எங்கே வேண்டாம்

ஊர்க் குளிரூட்டும் மையத்தில் காலையும் மாலையும் வேண்டியது ஆம் அல்லது இல்லை என்ற பதில். அதற்குக் காகிதப் பட்டைச் சோதனை போதும், ஆள் பயிற்சியும் குறைவு. மாவட்டப் பால் கூட்டுறவு ஒன்றியத்தின் பால்பண்ணை ஆய்வகத்தில் ஒரு நாளைக்குப் பல டேங்கர் வரும், எம்1-ஓடு ஆன்டிபயாடிக் எச்சமும் பார்க்க வேண்டும் என்ற இடத்தில் பல தடங்கள் உள்ள சிப் கட்டுப்படியாகும். எந்த முறையில் வரம்பு தாண்டினாலும், சரக்கைத் தள்ளுமுன் திரவ நிறப்பிரிகை–நிறை அளவியில் உறுதிசெய்ய வேண்டும். ஆன்டிபாடி உறவுக்கார நஞ்சுகளையும் ஓரளவு பிடிக்கும் என்பதால் அதன் எண் எப்போதும் ஒரு முதல்கட்ட எண்தான்.

மருத்துவத்தில் இதற்கு நல்ல இடமுண்டு. சிறுநீரக மாற்று செய்தவர் சாப்பிடும் டாக்ரோலிமஸ் 804 டால்டன்; ரத்தத்தில் அது மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம் முதல் 15 வரை என்ற குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். மருந்து சிவப்பணுக்களுக்குள் புகுந்து உட்கார்ந்திருப்பதால் முதலில் ரத்தத்தை உடைத்துப் பிரித்தெடுக்க வேண்டும். அந்தத் தயாரிப்பு வேலையைச் சிப்புக்குள்ளேயே முடிக்க முடிந்தால் காத்திருக்கும் நேரம் குறையும்.

ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து வாசகருக்கு உடனே வரும் கேள்வி பாலாற்றுக் கரையின் குரோமியம். குரோமேட் அயனி 116 டால்டன், அஃப்ளாடாக்சினைவிடச் சிறியது; உலோக அயனிக்கு ஆன்டிபாடி உண்டாக்குவதே கடினம். அதற்கு இந்தச் சிப் வேண்டவும் வேண்டாம். டைஃபினைல்கார்பசைடு சேர்த்தால் அறுவிணைதிறக் குரோமியம் ஊதாச் சிவப்பாகும். 540 நானோமீட்டரில் சாதாரண நிறமானியே அளந்துவிடும். குடிநீர் வரம்பான லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு அது தாராளமாகப் போதும். கிணற்று நீர் கலங்கலாக இருந்தால் வடிகட்டிவிட்டுச் சேருங்கள். வினைபொருளை அன்றன்று அசிட்டோனில் கரைத்துக்கொள்ளுங்கள், பழுப்பேறியதைக் கொட்டிவிடுங்கள்.